சொன்னவர் பெயரைச் சொன்னது யார்?



வரி, உரிமம், தராசு முத்திரை, கடை வாடகை என்று மற்றவர்கள் நமக்குக் கொடுக்கும் தொல்லைகளைப் பற்றியே இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறோம். இம்முறை நாம் ஒருவருக்குக் கொடுத்த தொல்லையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் அன்று செயற்குழுவில் இருந்த எங்களில் யாரும் அதை மறந்துவிடவில்லை.

நம் பஜாரில் ஒரு மொத்த விநியோகக் கடை. பெயர் வேண்டாம். அங்கே குடோனில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர் ஒரு நாள் இரவு, கடை அடைத்த பிறகு, சங்க அலுவலகத்துக்கு வந்தார். சில்லரைக் கடைகளிலிருந்து திரும்பி வருகிற காலாவதியான சேமியா, மசாலாப் பொட்டலம், பிஸ்கட் எதுவும் கம்பெனிக்குத் திரும்பிப் போகவில்லை. பின்கட்டில் வைத்துத் தேதியைத் தின்னர் தொட்டு அழித்து, புதுத் தேதி குத்தி, மறுபடி லைன் வண்டியில் ஏறிவிடுகிறது என்றார். துண்டில் சுற்றி இரண்டு பொட்டலமும் கொண்டுவந்திருந்தார். "அண்ணாச்சி, எம் பேரு மட்டும் வெளிய தெரியக் கூடாது. ரெண்டு பொட்டப்பிள்ளைய வச்சிருக்கேன்" என்பதுதான் அவர் கேட்டுக்கொண்ட ஒரே உதவி.

நாங்கள் என்ன செய்தோம்? போலீசும் வேண்டாம், உணவுப் பாதுகாப்புத் துறையும் வேண்டாம், நம் உறுப்பினர்தானே, பேசிச் சரிக்கட்டுவோம் என்று மூன்று பேர் கிளம்பிப் போனோம். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார். அப்படி எதுவுமே நடக்கவில்லை என்றார். யாரோ வேண்டாதவன் கிளப்பி விட்டது என்றார். வார்த்தை தடித்தபோது எங்களில் ஒருவர், "வேண்டாதவன் என்ன, உங்க குடோன் ஆளே சொல்றாரே!" என்று சொல்லிவிட்டார். வேண்டுமென்று சொன்னதல்ல. வாய் தவறி வந்ததுதான். ஆனால் அந்தக் குடோனில் இருந்ததே மூன்று பேர்.

மறுநாள் காலை ஷட்டர் பாதி ஏறுவதற்குள் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்த மாதச் சம்பளம் கிடையாது. போதாததற்கு, எண்ணெய் டின் திருடினார் என்று ஒரு பேச்சும் பரவியது. எப்போது, எத்தனை டின், யார் பார்த்தது என்று எவரும் கேட்கவில்லை. அதன் பிறகு ஏழெட்டுக் கடைகளில் அவர் வேலை கேட்டார். எல்லோரும் "பார்ப்போம்" என்றோம். "அவரை எடுத்தால் அண்ணாச்சி மனம் வருத்தப்படுவாரே" என்று உள்ளதைச் சொன்னவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேனாகப் போய்ச் சேர்ந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டோம். தேதி அழிக்கிற வேலை அந்த வாரத்தோடு நின்றுவிட்டது என்றும் கேள்விப்பட்டோம்.

அவர் சொன்னதால் நமக்கு நன்மை. சொன்னதற்கு அவருக்குத் தண்டனை. இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில் நேராகும்?

பஜாரில் இப்படிப்பட்டவரை 'ஆள்காட்டி' என்கிறோம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைத்தவன் என்றும் சொல்வோம். கிராமத்திலிருந்து வந்த நம்மில் பலருக்கு ஆள்காட்டிக் குருவியைத் தெரியும். வயல்வெளியில் மனிதனோ நாயோ வந்தால் கத்தி ஊரைக் கூட்டிவிடும். அது கத்துவது தன் முட்டையையும் குஞ்சையும் காப்பாற்றிக்கொள்ள. வேட்டைக்காரனுக்குத்தான் அது ஆகாத பறவை.

அந்தக் குடோன் ஆள் யாருடைய முட்டையைக் காப்பாற்றினார் என்று பாருங்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006, 27-ஆம் பிரிவு காலாவதியான பொருளைச் சப்ளை செய்த மொத்த வியாபாரியையும், அதை விற்ற சில்லரைக் கடைக்காரரையும் பொறுப்பாளி ஆக்குகிறது. வாங்கும்போது கொடுத்த பில்லே தரத்துக்கு உத்தரவாதம் என்று 26-ஆம் பிரிவு சொல்வது உண்மை. ஆனால் நம்மில் எத்தனை பேர் பில் வாங்குகிறோம்? துண்டுச் சீட்டில் கணக்கெழுதிச் சரக்கு எடுத்த சிறு கடைக்காரர், அதிகாரி வந்து நிற்கும்போது எதைக் காட்டுவார்? தேதி அழித்த பொட்டலம் பிடிபடுவது பெரும்பாலும் குடோனில் அல்ல. தெருமுனைக் கடையின் அலமாரியில். அந்த மனிதர் தன் முதலாளிக்கு விரோதமாக நடந்திருக்கலாம். ஆனால் அவரிடம் சரக்கெடுத்த இருநூறு கடைக்காரர்களுக்குக் காவலாக நடந்தார். அந்த இருநூறு பேரும் நம் உறுப்பினர்களே.

ஒருவர் செய்கிற தப்பு ஒருவரோடு நிற்பதில்லை என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று போதும். 1998 ஆகஸ்டில் டெல்லியில் கடுகெண்ணெயில் பிரமத்தண்டு விதை எண்ணெய் கலந்து விற்கப்பட்டது. கால் வீங்கி, மூச்சுத் திணறி 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். அந்த எண்ணெய் டின் டின்னாகக் கை மாறியபோது, ஆட்டியவர், கலந்தவர், ஏற்றி இறக்கியவர் என்று எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்கள்! ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வந்திருக்காது என்று நம்ப முடியவில்லை. அதே ஆண்டு மத்திய அரசு சமையல் எண்ணெய் பேக்கிங் ஒழுங்குமுறை ஆணையைக் கொண்டுவந்தது. கடுகெண்ணெயையே கண்ணால் பாராத நம் ஊர்க் கடைகளிலும், டின்னிலிருந்து உழக்கில் அளந்து ஊற்றிய நல்லெண்ணெய்க்கும் கடலெண்ணெய்க்கும் சட்டச் சிக்கல் வந்து சேர்ந்தது. எங்கோ நாலு பேர் கலந்ததற்கும், தெரிந்தவர்கள் வாய் மூடி இருந்ததற்கும், நாடு முழுவதும் சில்லரை எண்ணெய் வியாபாரி பழியைச் சுமந்தான்.

சரி, தெரிந்தவர் ஏன் வாய் திறப்பதில்லை? திறந்தவருக்கு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும் என்பதால்தான்.

சத்யேந்திர துபே என்ற பொறியாளரை நினைவிருக்கும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தில் பணியாற்றியவர். தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002 நவம்பரில் பிரதமருக்கே கடிதம் எழுதினார். தம் பெயரை இரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு சேர்ந்தே மேசை மேசையாகப் போயிற்று. 2003 நவம்பர் 27 அன்று விடியற்காலையில் பீகாரின் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அது வழிப்பறிக்காக நடந்த கொலை என்று மத்தியப் புலனாய்வுத் துறை முடிவு சொல்லி, நீதிமன்றமும் தண்டனை கொடுத்தது. குடும்பத்தாருக்கு அதில் சமாதானம் இல்லை. எது எப்படி இருந்தாலும், நம்பிக் கொடுத்த பெயரைக் காப்பாற்றத் தவறினார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. பிரதமர் அலுவலகத்தைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஒரு டீ குடிக்கும் நேரத்துக்குக்கூட நம்மால் ஒரு பெயரைக் காப்பாற்ற முடியவில்லையே!

இரண்டு ஆண்டு கழித்து இன்னொன்று. இது வியாபாரத்தோடு நேராகச் சம்பந்தப்பட்டது. இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனின் விற்பனை அதிகாரி மஞ்சுநாத் சண்முகம், 27 வயது. உத்தரப் பிரதேசத்தில் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் கலப்பட எரிபொருள் விற்ற ஒரு பெட்ரோல் பங்கின் மீது நடவடிக்கை எடுத்தார். மறுபடி சோதிக்கப் போனபோது, 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொன்றார்கள். முக்கியக் குற்றவாளிக்கு விசாரணை நீதிமன்றம் கொடுத்த மரண தண்டனை பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. அவர் வியாபாரிகளின் விரோதியா? அதே சாலையில் அளவும் தரமும் குறையாமல் விற்ற பங்க்காரரைக் கேட்டால் தெரியும்.

இந்த மரணங்களுக்குப் பிறகு சட்டம் என்ன செய்தது? துபே இறந்த அடுத்த ஆண்டு, 2004 ஏப்ரலில், மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. புகார் சொல்பவர் தம் பெயரோடு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு எழுதலாம். ஆணையம் பெயரை வெளியிடாது. பத்து ஆண்டு கழித்து, 2014-இல், முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. படித்துப் பார்த்தால் நல்ல சட்டம்தான். புகார் சொன்னவரின் பெயரை வெளியிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை. புகார் சொன்னவர் பழிவாங்கப்பட்டதாகச் சொன்னால், பழிவாங்கவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தின் தலையில். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை. பெயரில்லாப் புகாரை எடுத்துக்கொள்ளவே கூடாது. இத்தனையும் எழுதி வைத்துவிட்டு, சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பை மட்டும் இன்றுவரை வெளியிடவில்லை. அதைத் திருத்த 2015-இல் மக்களவையில் நிறைவேறிய மசோதாவும் மேலவையில் தங்கிக் காலாவதியாகிவிட்டது. நம் கடையில் காலாவதிச் சரக்கை வைத்திருந்தால் அபராதம் போடுகிறார்கள்!

அந்தச் சட்டம் நாளைக்கே நடைமுறைக்கு வந்தாலும் நம் குடோன் ஆளுக்கு அதில் இடமில்லை. அது அரசு ஊழியர்களின் முறைகேட்டைப் பற்றியது. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளும், பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகளும், வங்கிகளில் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய கம்பெனிகளும் ஊழியர் புகார் சொல்ல ஒரு ஏற்பாடு வைக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் அதன் விதிகளும் சொல்கின்றன. மளிகை மண்டிக்கும் அதற்கும் வெகுதூரம்.

மற்ற நாட்டில் எப்படி என்று பார்த்தால், அமெரிக்காவில் நம் சரக்கான நிலக்கடலையிலேயே ஒரு பாடம் இருக்கிறது. கடலை வெண்ணெயும் கடலைப் பசையும் செய்து பெரிய கம்பெனிகளுக்கு விற்ற ஒரு நிறுவனம், கிருமி இருக்கிறது என்று சோதனையில் தெரிந்த சரக்கையும் அனுப்பிக்கொண்டே இருந்தது. 2008, 2009-இல் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் நோய்ப்பட்டார்கள். ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த நிறுவனத்தின் டெக்சாஸ் ஆலையில் 2006-இல் வேலை பார்த்த உதவி மேலாளர் ஒருவர், எலித் தொல்லையையும் கூரை ஒழுகுவதையும் பற்றி மாநில சுகாதாரத் துறைக்குப் பெயர் போடாமல் எழுதியிருக்கிறார். ஒரு பலனும் இல்லை. மரணங்கள் நடந்த பிறகுதான் அவர் வெளிப்படையாகப் பேச முன்வந்தார். 2009 பிப்ரவரியில் நிறுவனம் திவாலாயிற்று. 2015-இல் முதலாளிக்கு 28 ஆண்டு சிறை. ஒரு குற்றமும் செய்யாத மற்ற கம்பெனிகளின் கடலை வெண்ணெயையும் ஜனங்கள் தொட அஞ்சிய காலம் அது.

அதற்குப் பின் 2011 ஜனவரியில் கையெழுத்தான அந்நாட்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழிலாளிக்காகத் தனி விதி ஒன்றைச் சேர்த்தார்கள். உணவைச் செய்கிற, பேக் செய்கிற, ஏற்றிச் செல்கிற, இருப்பு வைக்கிற எந்தத் தனியார் நிறுவனமும், தப்பைச் சொன்ன ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. அரசிடம் சொன்னவருக்கு மட்டுமல்ல, சொந்த முதலாளியிடம் சொன்னவருக்கும், தப்பான வேலையைச் செய்ய மாட்டேன் என்று மறுத்தவருக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. நீக்கப்பட்டவர் 180 நாளுக்குள் தொழிலாளர் துறையிடம் முறையிட்டால், விசாரித்து, பாக்கிச் சம்பளத்தோடு வேலையில் திரும்பச் சேர்க்க உத்தரவிடலாம். ஒன்பது உயிர் போன பிறகு வந்த ஞானம்தான். ஆனாலும் வந்தது.

நம் சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2006-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, தான் விற்ற உணவு கேடானது என்று தெரிந்தால் திரும்பப் பெற வேண்டும், அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்வது பலருக்குத் தெரியும். அதே பிரிவில், உணவால் வரும் ஆபத்தைத் தடுக்க அதிகாரிகளோடு ஒத்துழைக்கும் எவரையும் வணிகர் தடுக்கவோ, ஊக்கம் கெடுக்கவோ கூடாது என்றும் இருக்கிறது. 'எவரையும்' என்றால் கடைப்பையனும் அதில் அடக்கம். வேலையை விட்டு நீக்குவதைவிடப் பெரிதாக ஒருவரின் ஊக்கத்தை எப்படிக் கெடுப்பது?

1947-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டமும் இருக்கிறது. அதன் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீசோ அதற்கான சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக் கூடாது. திருட்டு போன்ற குற்றம் சாட்டி நீக்கினால் முறையாக விசாரணை நடத்தி, சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். எண்ணெய் டின் கதை அந்த அதிகாரி முன் ஒரு நிமிடம் நின்றிருக்குமா? நிற்காது என்பதே நம் கருத்து. ஆனால் பதினோரு வருடம் வேலை பார்த்தவரிடம் ஒரு நியமனச் சீட்டு இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. அவர் அங்கே வேலை பார்த்தார் என்று சாட்சி சொல்ல வேண்டியவர்களோ நாம். நாம்தான் "பார்ப்போம்" என்றவர்களாயிற்றே.

எதிர்வாதம் பேசுகிறவர்களின் அச்சத்தை நாம் லேசாக எண்ணவில்லை. பக்கத்துக் கடைக்காரன் ஏவிவிட்டு எழுதுகிற மொட்டைக் கடுதாசிகளால் எத்தனை பேர் அலைந்திருக்கிறோம்! சம்பள முன்பணம் கொடுக்கவில்லை என்பதற்காக "எழுதிப் போட்டுடுவேன்" என்று மிரட்டிய ஆட்களும் உண்டு. வரி ஏய்ப்பைச் சொன்னால் வெகுமதி கிடைக்கும் என்று அரசு அறிவித்ததிலிருந்து, தகவல் சொல்பவன் என்றாலே நமக்கு ஒரு கசப்பு. ஆனால் மொட்டைக் கடுதாசி ஏன் பெருகுகிறது? பெயர் போட்டு எழுதியவனை நாம் வாழ விடாததால், உண்மையைச் சொல்கிறவனும் பெயரை மறைக்கிறான், பொய் சொல்கிறவனும் மறைக்கிறான். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லாமல் போய்விடுகிறது. பெயரோடு வருபவனுக்கு இடம் கொடுத்தால்தான், பெயர் இல்லாமல் வருவதைக் குப்பைக் கூடையில் போட நமக்கு உரிமை வரும்.

புகாரைச் சரிபார்க்கச் சொன்னவரின் பெயர் தேவையுமில்லை. அன்று நாங்கள் முதலாளியிடம் போயிருக்க வேண்டியதே இல்லை. ஏதாவது ஒரு சில்லரைக் கடை மூலம் அந்தச் சரக்கில் ஒரு பெட்டி வாங்கி, பேட்ச் எண்ணைக் கம்பெனியில் கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். கலப்படச் சந்தேகமானால், பணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க 40-ஆம் பிரிவு எந்த வாடிக்கையாளருக்கும் வழி தருகிறது. சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். யார் சொன்னது என்ற கேள்வியே எழாமல் காரியம் முடிந்திருக்கும். இது அன்று எங்களுக்குத் தோன்றவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

எனவே வருகிற பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வைக்கிறோம். கடை ஊழியர்கள் சொல்லும் குறையைக் கேட்க இருவர். இருவரும் இப்போது மொத்த வியாபாரத்தில் இல்லாத மூத்த உறுப்பினர்களாக இருக்கட்டும். பெயர் அந்த இருவரைத் தாண்டித் தலைவருக்கும் செயலாளருக்கும்கூடத் தெரியக் கூடாது. வெளியிட்டால் பதவி போகும். உண்மையைச் சொன்னதற்காக ஒருவருக்கு வேலை போனால் வேறொரு உறுப்பினர் கடையில் ஒரு மாதத்துக்குள் வேலை கொடுப்பது சங்கத்தின் பொறுப்பு. ஊழியர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாத உறுப்பினருக்குச் சங்கத்தின் சான்றிதழ் கிடையாது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் இருக்கும் என்று தெரியும். அதைப் பொதுக்குழுவில் பேசிக்கொள்வோம்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாக அலுவலகத்துக்கு எழுதி அனுப்பலாம். பெயரும் கடை முகவரியும் இருக்க வேண்டும்.

திருப்பூருக்கு அடிக்கடி போய் வருகிற உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த நண்பரின் இப்போதைய விலாசம் தெரிந்தால் அலுவலகத்தில் நேரில் வந்து சொல்லுங்கள். அவருக்கு வராமல் போன அந்த மாதச் சம்பளத்தையும், பதினோரு வருடத்துக்கு நியாயமாகத் தோன்றும் ஒரு தொகையையும் அன்று டீ குடிக்கப் போன மூன்று பேரும் சேர்ந்து கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.